கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் மழலைக் கல்வித் துறைக்கு வெள்ளிவிழா வந்தபோது, அதன் வரலாற்றை எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் அந்தத் துறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எழுதுவதும் டைப் அடிப்பதும் ஒன்றுதான் என்று துறைத்தலைவி மேடம் நினைத்திருக்க வேண்டும். "விழா மலருக்கு நாலு பக்கம் போதும். ஆரம்பம், வளர்ச்சி, சாதனை. இங்க இருக்கறதுலயே பழைய ஆள் நீங்கதான்" என்றார். என்னையும் மேசை நாற்காலியோடு சேர்த்து எண்ணிவிட்டாரோ என்று யோசித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆரம்பம் என்று பார்த்தால் எலிகள். விலங்கியல் துறைக்காரர்கள் சோதனைக்கு எலி வளர்த்த ஓட்டுக் கட்டடம் அது. எலிகளுக்குப் புதுக் கட்டடம் கிடைத்தது. காலியான பழையதை யாரும் சீந்தவில்லை. துறையைத் தொடங்கிய முதல் மேடம்தான் கேட்டு வாங்கினார். சுண்ணாம்பு அடித்து, நாற்றம் போக ஜன்னல்களை இரவும் பகலும் திறந்துபோட்டு, ஊழியர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு அதில் ஒரு மழலையர் பள்ளி ஆரம்பித்தார். சுவருக்கு ஒரு பக்கம் பிள்ளைகள் விளையாடும் கூடம். மறுபக்கம் இருட்டறை. நடுவில் ஒரு கண்ணாடி. கூடத்திலிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கிற கண்ணாடி. இருட்டறையிலிருந்து பார்த்தால் ஜன்னல். பட்டப்படிப்பு மாணவிகள் இருட்டில் உட்கார்ந்து, எந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்து எழுதுவார்கள். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அவர்களுக்கு முதல் பாடம். கூடத்துச் சத்தம் கேட்க இருட்டறையில் ஒரு ஸ்பீக்கரும் உண்டு. மனம் வந்தால் அது வேலை செய்யும்.

நான் எழுதிக் கொடுத்ததில் எலிகளை மேடம் முதலிலேயே அடித்துவிட்டார்.

முதல் மேடத்துக்கு ஒரு விதி இருந்தது. கூடத்துக்குள் சொந்தம் கிடையாது. பெற்றவர்கள் வாசலில் பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியையின் பிள்ளை சேர்ந்தாலும் பெற்றவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். 'அம்மா' என்று கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்கக் கூடாது. இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகள் ஏங்கிப்போகும், மாணவிகள் எழுதும் குறிப்பும் கெட்டுப்போகும் என்று அவர் சொல்வார். அவர் கெட்ட மனுஷி இல்லை. பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடக் கைக்குட்டை வாங்கி வாங்கியே பாதிச் சம்பளத்தைத் தீர்த்தவர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

அவரிடம் முதல் அணியில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவர்தான் டீச்சர். துறையில் எத்தனையோ பேர் வந்து போனாலும் வெறுமனே டீச்சர் என்றால் அது அவர்தான். குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். கணவர் பல்கலைக்கழக பஸ்ஸின் டிரைவர். முதல் மேடம் ஓய்வு பெற்றுப் போகும்போது கூடத்துச் சாவியை டீச்சர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில் டீச்சரின் மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் சேர்ந்தவள். விதியை அவள் மற்ற யாரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். "டீச்சர், பால் வேணும்." "டீச்சர், எனக்குத் தூக்கம் வருது." குவார்ட்டர்ஸே சிரித்தது. "எங்க வீட்ல பள்ளிக்கூடத்துக்கு லீவே விடறதில்லைங்க" என்று டிரைவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் மாறிவிடும் என்று நினைத்தோம். மாறவில்லை. காய்ச்சலில் பிதற்றும்போதுகூட "டீச்சர், டீச்சர்" என்றுதான் முனகினாள். பெரிய பெண்ணாகிக் கல்லூரிக்குப் போகிற வயது வந்தும் அதே டீச்சர்தான். டீச்சருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டாதவள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இதற்கிடையில், யாரும் எதிர்பாராமல், டீச்சர் நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு பையன் பிறந்தான். "வண்டிய ஒழுங்கா ஓட்டுறவருக்கு வீட்ல பிரேக் பிடிக்கலை" என்று பஸ் ஷெட்டில் டிரைவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். டீச்சர்தான் தலைகுனிந்து நடந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்ததில் பாதிக்கு மேல் அக்காதான். இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை. பெரியவள், சின்னவன் என்பதுதான் அந்த வீட்டில் அவர்களுக்குப் பெயர்.

இந்த வருடம் இரண்டும் ஒன்றாக நடந்தன. சின்னவனுக்கு மூன்று வயதாகிக் கூடத்தில் சேர்ந்தான். பெரியவள் பட்டப்படிப்புக்கு எங்கள் துறையிலேயே சேர்ந்தாள். அவளுக்குக் கணக்கு படிக்கத்தான் ஆசை. அந்தப் படிப்புக்கு வெளியூர் போக வேண்டும். "இங்கயே படி. நாளைக்கு என் இடத்துக்கு நீ வரலாம்" என்று டீச்சர் சொன்னார். பெரியவள் மறுத்துப் பேசவில்லை. அவள் எதையுமே மறுத்துப் பேசிப் பழகாதவள்.

அவளுக்கு முதல் செய்முறை வகுப்பு ஒரு வியாழக்கிழமை. இருட்டறையில் மற்ற மாணவிகளோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"பெரியம்மா, டி.சி. வாங்கணும்னா என்ன பண்ணணும்?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுத முகமாக இல்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று தோன்றியது.

"மேடம் ஊர்ல இல்ல. நாளைக்குத்தான் வருவாங்க. என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அத்தை ஊருக்குப் போய் கணக்கு படிக்கப் போறேன். இன்னும் சேத்துக்கிறாங்களாம்."

"உங்க டீச்சர்கிட்ட சொன்னியா?"

"எங்க டீச்சர்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

பிள்ளைகள் போன பிறகு கூடத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் கூடம் சந்தை கலைந்த மாதிரி இருக்கும். குட்டி நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. குறுக்கே கட்டிய கயிற்றில் பிள்ளைகள் வரைந்த தாள்கள் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான சூரியன், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம். யாரோ ஒருவனின் ஒற்றைச் செருப்பு மணல் தொட்டியில் புதைந்திருந்தது. டீச்சர் குழாயடியில் உட்கார்ந்து பெயிண்ட் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் கலந்து தண்ணீர் சேற்று நிறத்தில் ஓடியது.

"டீச்சர், பெரியவ டி.சி. கேக்குறா."

"எதுக்காம்?"

"கணக்கு படிக்கப் போறாளாம். காலைல இருட்டறைலேர்ந்து எழுந்து வந்துட்டா."

அவர் கழுவிய கப்பையே மறுபடி கழுவினார். "காலைல என்ன நடந்துச்சு, ஒண்ணும் நடக்கலையே" என்றார். "சின்னவன் பெயிண்ட கொட்டுனான். துடைச்சு விட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எனக்கோ நாலு பக்கத்தில் ஒரு இடம் இடித்துக்கொண்டிருந்தது. பழைய அறிக்கைகளில் சொந்தம் கிடையாது என்ற விதி வருகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு வரவில்லை. இப்போதெல்லாம் புதுப்பிள்ளை பழகும்வரை பெற்றவள் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். யாரை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். எப்போது மாறியது என்பதை நான் கவனித்ததே இல்லை. கேட்டுவிட்டு வரலாம் என்று குடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். டி.சி. விஷயம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. இல்லை என்றால் பொய்.

மழைக்கு வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. டிரைவர் அவித்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு தோலுரித்து, விரலை ஊதி ஊதித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். சின்னவன் மேசைக்கு அடியில் செருப்பு டப்பாவை பஸ்ஸாக ஓட்டினான். பெரியவள் உள்ளறையில் பைக்குள் துணி அடுக்குவது கதவு வழியே தெரிந்தது. டீச்சர் சூப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு நின்றார். அது கொதிக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

"வாங்கக்கா, சாப்பிடுங்க."

"ஆச்சு டீச்சர். ஒரு சந்தேகம், அதான் வந்தேன்."

"கேளுங்க, கேளுங்க" என்றார் டிரைவர். "நான் வந்ததுலேர்ந்து இந்த வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசல. நீங்களாவது பேசுங்க."

கேட்டேன். "கூடத்துக்குள்ள சொந்தம் கிடையாதுன்னு ஒரு விதி இருந்துச்சே, அத எப்ப எடுத்தீங்க? வரலாத்துல போடணும்."

உள்ளறையில் பை அடுக்குகிற சத்தம் நின்றது. பெரியவள் வாசல்படிக்கு வந்து நின்றாள்.

"நல்லா கேட்டீங்க பெரியம்மா. எனக்கும் அதான் தெரியணும்."

டீச்சர் திரும்பவில்லை. "இவ ஒண்ணாங்கிளாஸ் போன வருஷம்" என்றார்.

"நான் போனதுக்கு அப்புறமா?"

"ம். நீ போனதும்."

"சரிதான்" என்றாள் பெரியவள். "அப்பா, காலைல என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்கல்ல. பாத்தத மட்டும் சொல்றேன், நெனச்சத சொல்லல. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மூணு வயசுப் பையன். பெயிண்ட் கப்பு கவுந்துச்சு. பையன் 'அம்மா'ன்னு கூப்பிட்டான். டீச்சர் கையில இருந்ததக் கீழ வச்சாங்க. வந்தாங்க. துடைச்சு விட்டாங்க. மடியில உக்கார வச்சு முதுகத் தடவிக் கொடுத்தாங்க. பையன் இறங்கி வெளையாடப் போயிட்டான். முடிஞ்சுது."

சின்னவன் மேசைக்கு அடியில் ஹாரன் அடித்தான்.

"தம்பி மேல எனக்குக் கோவமில்ல" என்றாள் அவள். "அவன நான்தான தூக்கி வளத்தேன். அவனுக்கு அது கிடைக்கணும். நானும் ஒரு நாள் அங்கதான் கப்பு கொட்டுனேன். டீச்சர் துணிய எடுத்து என் கையில கொடுத்தாங்க. 'நீயே துடை'ன்னாங்க. அது அப்ப விதி, சரி. தப்புன்னு அப்ப யாருக்கும் தெரியாது, அப்புறம் தெரிஞ்சுது, மாத்திட்டாங்க. அப்படித்தான இருக்கும்னு இன்னிக்குப் பூரா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். நான் போன உடனே எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் அடுப்பை அணைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் எழுந்து போக நினைத்தேன். "இருங்கக்கா, வரலாத்துக்குத்தான கேட்டீங்க" என்றார்.

"முன்னாடியே தெரியும்" என்றார் பிறகு.

டிரைவர் உரித்த கிழங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இருட்டறைலேர்ந்து ஒரு ஸ்டூடண்ட் வந்து எங்கிட்ட சொன்னா. 'டீச்சர், உங்க பொண்ணு தினமும் கண்ணாடிகிட்ட வந்து நிக்குது. வாயத் திறந்து என்னமோ சொல்லுது. சத்தமே வரல. உதட்டப் பாத்தா அம்மான்னு சொல்ற மாதிரி இருக்கு'ன்னா. சொல்லும்போதே அவ அழுதுட்டா. மறுநாள் நானே இருட்டறையில போய் உக்காந்து பாத்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்த விதி தப்புன்னு."

"எப்ப இது?"

"நீ சேந்த வருஷக் கடைசி."

"அப்புறமும் ஒரு வருஷம் இருந்தேனே."

"இருந்தே."

மழை ஓட்டில் வலுத்தது. டீச்சர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அப்பத்தான் சாவிய என் கையில கொடுத்துட்டுப் போயிருந்தாங்க. இவளுக்கா கொடுத்தாங்கன்னு ஆளாளுக்குக் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வந்ததும் வராததுமா சொந்தப் புள்ளைக்காக விதிய மாத்திட்டான்னு பேரு வந்துரும். இன்னும் ஒரு வருஷம்தான, பொறுத்துக்கட்டும்னு நெனச்சேன்."

"யாரு பொறுத்துக்கட்டும்னு?"

"நீ."

"எனக்கு நாலு வயசு."

"ஆமா."

"பேரு வந்துச்சா?"

"இல்ல" என்றார் டீச்சர். "நல்ல பேருதான் வந்துச்சு."

டிரைவர் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இவளே. நான் அவளை டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போய் பஸ்லயே வச்சுக்கிட்டிருப்பேன்."

"சொல்லியிருந்தா நீங்க மாத்தச் சொல்லியிருப்பீங்க. அதான் சொல்லல."

பெரியவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "யாரும் பாக்கலன்னு நெனச்சேன்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல். "அந்தக் கண்ணாடியில கூடம் பூரா தெரியும். நீங்க எனக்குப் பின்னாடி எங்க நின்னாலும் உங்க மூஞ்சி தெரியும். நேரா பாத்தாத்தான டீச்சர். கண்ணாடியில பாத்தா அம்மா. அப்படின்னு நானே ஒரு விதி போட்டு வச்சிருந்தேன்."

டீச்சர் அழுதார். நான் அந்தச் சுவரை ஒட்டி அத்தனை வருடம் குடியிருந்தும் அவர் அழுது பார்த்ததில்லை. சத்தம் இல்லை. முகம் முழுக்க நனைந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நீ போறதுன்னா போ" என்றார். "கணக்கு படி. அத்தைகிட்ட நானே பேசுறேன். ஆனா அம்மா ஞாயமாத்தான் இருந்தான்னு யாராவது சொன்னா நம்பாத. எனக்குத் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

பெரியவள் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து தம்பியை இழுத்தாள். "பஸ் டிப்போவுக்கு வந்தாச்சு, எறங்கு, கை கழுவணும்" என்று தூக்கிக்கொண்டு போனாள். நான் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மலரில் இதெல்லாம் வராது என்று எனக்குத் தெரியும். 'அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது' என்று ஒரு வரி அடித்துவைத்தேன். அதையும் மேடம் அடிக்காமல் விட்டால் சரி.

மறுநாள் காலை ஓட்டுவிளிம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விழாவுக்கு வருகிற பெரியவர்களை இருட்டறையில் உட்காரவைத்துக் காட்டப் போகிறார்களாம். ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் மேடம். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போய் இருட்டறையைத் திறந்தேன். ஸ்விட்சைப் போட்டு ஸ்பீக்கரின் தலையில் ஒரு தட்டுத் தட்டியதும் அது கரகரத்துவிட்டு உயிர் பெற்றது. கூடத்தில் வாளி நகர்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் இருந்தார். தினமும் காலையில் அவருக்கு முதல் வேலை அந்தக் கண்ணாடியைத் துடைப்பதுதான். பிள்ளைகள் அதில் மூக்கை அழுத்துவார்கள், நாக்கை நீட்டுவார்கள், முத்தம் கொடுப்பார்கள். முந்தின நாளின் எச்சில் தடமெல்லாம் அதில் இருக்கும். ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. கண்கள் வீங்கியிருந்தன. தூங்கியிருக்க மாட்டார்.

கதவு திறந்தது. பெரியவள் வந்தாள். செய்முறை வகுப்புக்குப் போடுகிற பச்சை ஏப்ரனைக் கட்டியிருந்தாள். அலமாரியைத் திறந்து மாவு டப்பாவை எடுத்தாள். மாவைக் கொட்டி, உப்பும் எண்ணெயும் சேர்த்து, பிள்ளைகள் உருட்டி விளையாடுவதற்காகப் பிசைய ஆரம்பித்தாள்.

"டி.சி.?" என்றார் டீச்சர்.

"வாங்கல."

"எனக்காகவா?"

"இல்ல. யோசிச்சேன். கண்ணாடிகிட்ட எந்தப் புள்ளையாவது வந்து நின்னா எனக்குத் தெரிஞ்சுரும். மத்தவங்களுக்கு லேட்டாத்தான் தெரியும்." மாவை ஒரு தடவை திருப்பிப் போட்டாள். "நீலக் கலர் எங்க வச்சீங்க டீச்சர்?"

"மேல் தட்டுல." டீச்சர் துணியை வாளியில் நனைத்தார். பிழியவில்லை. "இனிமே அம்மான்னே கூப்பிடேன்."

"வராது டீச்சர்."

"ஒரு தடவ சொல்லிப் பாரு."

பெரியவள் கையை மாவிலேயே வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். "வரல" என்றாள். "வேணும்னு பண்ணல. நெஜமாவே வரல."

"சரி விடு" என்றார் டீச்சர். "விடு."

பெரியவள் கையைத் துடைத்தாள். நேராகக் கண்ணாடியை நோக்கி வந்தாள். அது பிள்ளைகள் உயரத்துக்கு மாட்டியது. பெரியவர்கள் நின்றால் வயிறுதான் தெரியும். அவள் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் மடங்க அதில் உட்கார்ந்தாள். அவள் முகம், இருட்டில் உட்கார்ந்திருந்த என் முகத்துக்கு நேராக, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள், தனக்குப் பின்னால், வாளியோடு நிற்கிற டீச்சரைப் பார்த்தாள்.

அவள் உதடு திறந்தது, மூடியது, திறந்தது.

நான் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிழியாத துணியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் அதில் கேட்டது. வேறு எதுவும் இல்லை.

பிறகு டீச்சரின் குரல் வந்தது.

"கேட்டுச்சு."